எனாமல் கம்பியில் பூச்சு எப்படி நிற்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் காயில் கட்டும் செம்புக் கம்பிக்கு எனாமல் பூசும் ஆலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள், பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர்கள், கோவையில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பர்கள் என்று யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதல் மூன்றைப் படிக்காமல் பின்னால் தாவினால் பாதி புரியாது.

1. "அண்ணா, கம்பி மேல பூச்சு இருக்குங்கறீங்க. பார்த்தா வெறும் செம்பாத்தான இருக்கு?"

அந்தப் பளபளப்புதான் பூச்சு. வெறும் செம்பு இவ்வளவு மினுங்காது, நாலு நாளில் கறுத்தும் விடும். 0.5 மி.மீ. கம்பியில் சற்றுக் கனமான ரகத்தை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு எனாமல் சுமார் 25 மைக்ரான் இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியின் விட்டத்தில் பாதிகூட இல்லை. காயிலில் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒட்டிக்கொண்டே கிடந்தும் ஷார்ட் ஆகாமல் இருப்பது இதனால்தான்.

இதைத் திரவமாகத்தான் பூசுகிறோம். பிசினை கிரெசால் போன்ற கரைப்பானில் கரைத்து வைத்திருப்பார்கள். கம்பி அதில் நனைந்து, டை வழியாக (கம்பியைவிடச் சற்றே பெரிய ஓட்டை உள்ள அச்சு) வெளியே வந்து, ஓவனுக்குள் போகும். அங்கே கரைப்பான் ஆவியாகி, பிசின் இறுகிக்கொள்ளும். அதே கம்பி திரும்பவும் நனையும், திரும்பவும் வேகும். இப்படிப் பல சுற்று. ஒவ்வொரு சுற்றையும் 'பாஸ்' என்போம்.

2. "முக்கி எடுத்தா ஒட்டிக்கும். இதுல என்ன சார் சயின்ஸ் இருக்கு?"

எவ்வளவு ஒட்டும் என்பதில்தான் இருக்கிறது. கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவ அடுக்கு கம்பியோடு சேர்ந்தே நகரும், வழுக்காது. அது தன் பக்கத்து அடுக்கை இழுக்கும், அது அதற்கடுத்ததை. இப்படி அடுக்கடுக்காக இழுக்கும் பிடிமானம்தான் பாகுநிலை. இன்னொரு பக்கம், தொட்டியில் இருக்கும் திரவத்தின் மேற்பரப்பு இறுக்கிக் கட்டிய ரப்பர் தாள் மாதிரி. கம்பி கிளம்பும் இடத்தில் அது வளைந்து மேலேறி நிற்கும். புதிதாகப் பரப்பை விரிக்க விடாமல் திரவத்தைத் தொட்டிக்கே திருப்பி இழுக்கும். அது பரப்பு இழுவிசை. இந்த இரண்டின் இழுபறியில் மிஞ்சுவதே படலம்.

இழுபறியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்ல ஓர் எண் உண்டு: பாகுநிலையை வேகத்தால் பெருக்கி, பரப்பு இழுவிசையால் வகுக்க வேண்டும். நுண்புழை எண் என்று பெயர். சோவியத் விஞ்ஞானிகள் லாண்டாவும் லெவிச்சும் 1942-இல் தட்டையான தகட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். அதே நாட்டின் தெர்யாகினும் அடுத்த வருடம் இதில் வேலை செய்தார். மெல்லிய கம்பிக்கு வரும் விடை இது: படலத்தின் தடிமன் = 1.34 × கம்பியின் ஆரம் × (நுண்புழை எண்ணின் 2/3 அடுக்கு). அந்த எண் ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் இது செல்லும்.

0.2 மி.மீ. கம்பியைத் தண்ணீரிலிருந்து நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் எடுத்தால், தண்ணீர் அந்தக் கம்பியை நன்றாக நனைக்கிறது என்று வைத்துக்கொண்டால், படலம் அரை மைக்ரான்கூட வராது. அதே கம்பியை விளக்கெண்ணெயிலிருந்து நொடிக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் எடுத்தாலும் சுமார் 10 மைக்ரான் வரும்.

3. "வேகமா இழுத்தா திரவம் ஒட்ட நேரமே இருக்காதே. பூச்சு மெலிசாத்தானே ஆகணும்?"

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பொறியியல் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். தலைகீழ்: வேகம் கூடினால் பூச்சு தடிக்கும்.

ஒட்டுவதற்கு நேரம் தேவையில்லை, தொட்ட கணமே ஒட்டியாயிற்று. நேரம் தேவைப்படுவது வழிந்து திரும்புவதற்கு. மெதுவாக இழுத்தால் பரப்பு இழுவிசை நிதானமாகத் திரவத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் அதற்கு அவகாசம் கிடைக்காது. நம்பாவிட்டால் தேன் பாட்டிலில் ஒரு கரண்டியை விட்டு, ஒரு தடவை மெல்ல, ஒரு தடவை சட்டென்று எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன விதிப்படி வேகத்தை 8 மடங்காக்கினால் தடிமன் 4 மடங்காகும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கேள்வி 10-இல் வருகிறது.

4. "அந்த 2/3 எங்கிருந்து குதிச்சுது? நேர்விகிதமா இருக்கக் கூடாதா?"

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பதில் இது. மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம், நஷ்டமில்லை.

கம்பியைச் சுற்றி வளைந்திருப்பதால் படலத்துக்குள் அழுத்தம் அதிகம். பரப்பு இழுவிசையை ஆரத்தால் வகுத்த அளவு. தொட்டியில் அந்தக் கூடுதல் இல்லை. இந்த அழுத்த வித்தியாசம் ஒரு குட்டி நீளத்துக்குள் இறங்கியாக வேண்டும், அந்த நீளத்தில்தான் இழுபறி முழுவதும் நடக்கிறது. அந்த நீளம் நிலையானதாக இருந்தால் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் படலம் தடித்தால் அதுவும் நீள்கிறது: ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவுக்கு. இதைப் பாகுநிலைச் சமன்பாட்டில் போட்டால், நுண்புழை எண் என்பது (தடிமன் ÷ ஆரம்) என்பதன் 3/2 அடுக்கு என்று வருகிறது. திருப்பிப் போட்டால் 2/3. அந்த 1.34 மட்டும் கையால் வராது, வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்.

5. "ஒரே சீரா பூசியாச்சு. அப்புறம் அது அப்படியே இருக்குமில்ல?"

இருக்காது. இந்தத் தொழிலின் தலைவலியே இதுதான்.

உருளை வடிவத்தில் இருக்கும் திரவத்துக்கு அந்த வடிவம் பிடிக்காது. அதே அளவு திரவம் வரிசையாக மணிகளாகத் திரண்டுகொண்டால் மொத்தப் பரப்பு குறையும். குழாயிலிருந்து மெல்லிசாக ஒழுகும் தண்ணீர் சொட்டுகளாக அறுபடுவதும் இதனால்தான். பெல்ஜியத்தின் 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் பிளாட்டோ இதை ஆராய்ந்தார், பார்வை போன பிறகும் விடவில்லை. பிறகு ராலே கணக்கைச் செம்மையாக்கினார். கம்பி மேல் இருக்கும் மெல்லிய படலத்தில் மணிக்கும் மணிக்கும் இடைவெளி கம்பி விட்டத்தைப்போல ஏறக்குறைய நாலரை மடங்கு. 0.5 மி.மீ. கம்பியில் 2.2 மி.மீ. தூரத்துக்கு ஒன்று. விரலால் தடவினாலே தெரியும். எட்டுக்கால் பூச்சிக்கு மட்டும் இது வரம்: வலையின் ஒட்டும் இழையில் அது பசையைச் சீராகத்தான் பூசுகிறது, பசை தானாக மணிமணியாகத் திரண்டு பூச்சிகளைப் பிடிக்கிறது.

மணி திரள எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அது பாகுநிலைக்கு நேர்விகிதம், ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம், தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். 0.5 மி.மீ. கம்பியில் 10 மைக்ரான் ஈரப் படலம், தண்ணீரைப்போல ஆயிரம் மடங்கு பாகுநிலை என்றால் கணக்கு 20 நிமிடத்துக்கு மேல் சொல்கிறது. 0.05 மி.மீ. கம்பியில் 5 மைக்ரான் படலம், நூறு மடங்கு பாகுநிலை என்றால்? நொடியில் பத்தில் ஒரு பங்கு. நுண்கம்பி ஓட்டும் ஆபரேட்டர்கள் ஏன் எப்போதும் கடுகடுவென்று இருக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

6. "அப்போ ஒரே தடவைல கெட்டியா பூசிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்குப் பத்து பாஸ்?"

கேள்வி 5-இன் கடைசிப் பத்தியைப் பாருங்கள். தடிமனை இரட்டித்தால் மணி திரளும் நேரம் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். பத்து பாஸில் பூச வேண்டியதை ஒரே பாஸில் பூசினால் ஆயிரத்தில் ஒன்று. அந்த 20 நிமிடம் ஒன்றேகால் நொடியாகிவிடும். அதுவும் ஓவன் வாயில் நுழைந்ததும் சூட்டில் எனாமல் முதலில் இளகும். கரைப்பான் போன பிறகுதான் இறுகும். நடுவில் உள்ள அந்த இளகிய நேரம்தான் ஆபத்தான நேரம்.

இன்னொன்று, தடித்த படலத்தின் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும். உள்ளே மாட்டிய கரைப்பான் கொதித்துக் கொப்புளம் போடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று இரண்டு பாஸைக் குறைத்து, மீதி டைகளைப் பெரிதாக்கினார்கள். மைக்ரோமீட்டர் கருவியில் அளவு மிகச் சரியாக இருந்தது. உயர் மின்னழுத்தச் சோதனையில் கம்பி முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பழுது. ஒரு ஷிஃப்ட் சரக்கு அப்படியே பழைய செம்பு விலைக்குப் போனது.

7. "கம்பி 0.50, டை ஓட்டை 0.54. பக்கத்துக்கு 20 மைக்ரான் வந்திருக்கணுமே, மூணுதான் வந்திருக்கு. டை தேஞ்சு போச்சா சார்?"

தேய்ந்தால் கூடத்தானே செய்யும்! டை நன்றாகத்தான் இருக்கிறது. இடைவெளி 20 மைக்ரான் என்றால் அதில் கம்பியை ஒட்டிய திரவம் கம்பி வேகத்தில் போகிறது, டைச் சுவரை ஒட்டியது நகரவே இல்லை. சராசரி வேகம் பாதி. வெளியே வந்ததும் அவ்வளவு திரவமும் கம்பியின் முழு வேகத்துக்கு வந்துவிடும், ஆகவே தடிமன் பாதியாகி 10 மைக்ரான் ஆகிறது. அதில் பிசின் மூன்றில் ஒரு பங்குதான், மீதி ஓவனில் ஆவியாகிவிடும். கணக்குச் சரியாகிவிட்டதா?

இது நேரான ஓட்டை உள்ள டைக்கு. புனல் மாதிரி குறுகும் டையில், உள்ளே இழுபடும் திரவம் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறும், அது கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ளும். அதனால் ஈரப் படலம், வெளிவாயின் இடைவெளியில் பாதிக்கும் முழுமைக்கும் நடுவில் எங்காவது இருக்கும். ஒரே ஓட்டை அளவுள்ள இரண்டு டைகள் வேறுவேறு தடிமன் தருவதற்குப் பெரும்பாலும் இந்தச் சரிவுதான் காரணம். ஓட்டையை மட்டும் அளந்துவிட்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

8. "கேள்வி 2-ல பாகுநிலை, வேகம் எல்லாம் சொன்னீங்க. டைக் கணக்குல ரெண்டையும் காணோமே?"

நல்ல கண். டை இருக்கும்போது அவை அடிபட்டுப் போகின்றன. இழுப்பதும் பாகுநிலை, தடுப்பதும் பாகுநிலை. பரப்பு இழுவிசைக்கு அங்கே பேச்சே இல்லை, தடிமனை முடிவு செய்வது டையின் வடிவம். அதனால்தான் டை கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்பேன்: காலையில் எனாமல் கெட்டியாக இருந்தாலும் மத்தியானம் இளகினாலும் பூச்சு ஏறக்குறைய ஒரே அளவில் வரும்.

டை இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? கேள்வி 5-இல் சொன்ன ஆயிரம் மடங்கு பாகுநிலையுள்ள எனாமலில் 0.5 மி.மீ. கம்பி நொடிக்கு 2 மீட்டர் போகிறது என்று வையுங்கள். நுண்புழை எண் ஐம்பதைத் தாண்டிவிடும். கேள்வி 2-இன் விதி செல்லும் எல்லைக்கு வெகு தூரம். கம்பி தொட்டியையே அள்ளிக்கொண்டு வரும்.

ஆனாலும் பாகுநிலையைக் கவனிக்காமல் விட முடியாது. கெட்டியான எனாமல் டைக்குள் கம்பியைப் பிடித்து இழுக்கும். மெல்லிய கம்பி நீண்டுவிடும், சில சமயம் அறுந்தே போகும். நீர்த்த எனாமல் கேள்வி 5-இன் மணிகளுக்குத் துணை போகும். இரண்டுக்கும் நடுவில் ஓட்ட வேண்டும்.

9. "டை ஹோல்டர்ல லூசா ஆடிக்கிட்டு இருக்கு. டைட் பண்ணிடவா?"

தயவுசெய்து வேண்டாம். ஆடுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறோம். கம்பி ஒரு பக்கம் ஒதுங்கினால், நெருக்கமான அந்தப் பக்கத்தில் சரிவு டை காரணமாக அழுத்தம் அதிகமாகும். அது டையையும் கம்பியையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி, நடுவுக்குக் கொண்டுவரும். தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் இருக்கிறதே, அதே தத்துவம். இறுக்கிவிட்டால் ஒரு பக்கம் 5 மைக்ரான், மறு பக்கம் 1 மைக்ரான் என்று பூச்சு வரும். மைக்ரோமீட்டரில் மொத்த விட்டம் மட்டும் ஒழுங்காகக் காட்டும்.

மிக மெல்லிய கம்பிகளுக்கு டைக்குப் பதில் ஃபெல்ட் துணியில் வழிப்பதும் உண்டு. சிக்கனம்தான். ஆனால் துணியின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும்.

10. "டையே இல்லாம ரொம்ப ரொம்ப வேகமா இழுத்தா தடிமன் ஏறிக்கிட்டே போகுமா?"

பாகுநிலை குறைந்த திரவங்களில் ஒரு கட்டம் வரும். தண்ணீர், 0.2 மி.மீ. கம்பி என்றால் நொடிக்கு 1 மீட்டர் வாக்கில். அங்கே திரவத்தின் உந்தம் பரப்பு இழுவிசைக்குச் சமமாகிவிடும். திருப்பி இழுக்கும் கை தளர்ந்துவிடுவதால் தடிமன் 2/3 விதியை விட்டுவிட்டுச் செங்குத்தாக ஏறும்.

அதையும் தாண்டினால் கதை மாறுகிறது. இப்போது கம்பி எவ்வளவு திரவத்தை அசைக்க முடிந்ததோ அவ்வளவுதான் கூட வரும். தொட்டிக்குள் கம்பி இருக்கும் நேரத்தில் இழுப்பு எத்தனை தூரம் பரவுகிறதோ அதுதான் தடிமன். வேகம் கூடினால் அந்த நேரம் குறையும், படலம் மெலியும். கேள்வி 3-இல் "நேரமே இருக்காதே" என்று கேட்டவர் சொன்னது இங்கே நிஜமாகிறது! பிரான்சில் டேவிட் கெரேயும் உடனிருந்தவர்களும் இந்த மூன்று கட்டங்களையும் சோதனையில் அளந்து காட்டினார்கள்.

11. "ஆப்டிகல் ஃபைபருக்கும் இதே டைதானா?"

அடிப்படை ஒன்றுதான், சிரமம் வேறு. 125 மைக்ரான் கண்ணாடி இழை, இரண்டு அடுக்கு அக்ரிலேட் பூசி சுமார் 250 மைக்ரான் ஆகிறது, புற ஊதா ஒளியில் இறுகுகிறது. இழை நொடிக்கு 20 மீட்டருக்கும் மேல் ஓடும். அந்த வேகத்தில் திரவம் வெளியேறும் இடத்தைவிட, இழை உள்ளே நுழையும் இடம்தான் பிரச்சினை: கூடவே காற்றை இழுத்துக்கொண்டு போகும், பூச்சில் குமிழி விழும். அதனால் திரவத்தை அழுத்தத்தில் செலுத்துவார்கள். நுழைவாயில் காற்றை விரட்டிவிட்டு கார்பன் டை ஆக்சைடு ஊதுவதும் உண்டு.

12. "சில ஸ்பூல்ல மட்டும் எனாமல் திட்டுத்திட்டா விலகி நிக்குது. எனாமல் கெட்டுப் போச்சா?"

முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். இதுவரை சொன்ன எல்லாக் கணக்கும் திரவம் கம்பியை முழுதாக நனைக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டவை. கம்பி இழுக்கும்போது போட்ட மசகு மேலே மிச்சம் இருந்தால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி எனாமல் அந்த இடத்தைத் தவிர்த்துச் சுருங்கிவிடும். அனீலரும் (கம்பியைச் சூடாக்கிப் பதப்படுத்தும் உலை) கழுவும் தொட்டியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பத்தில் எட்டு தடவை விடை அங்கேயே கிடைத்திருக்கிறது, எனக்கு.

13. "கடைக்கு வர்ற கம்பில ஊசித்துளை இருக்கான்னு நானே பார்க்க முடியுமா?"

முடியும். உப்புத் தண்ணீரில் சில சொட்டு பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, கம்பித் துண்டை அதில் முக்கி, 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தின் எதிர்முனையைச் செம்பில் கொடுங்கள். நேர்முனை தண்ணீரில். கம்பியின் வெட்டிய நுனி தண்ணீரில் படக் கூடாது. துளை இருக்கும் இடத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு கிளம்பும். வரிசையாக ஒரே இடைவெளியில் கிளம்பினால் இடைவெளியை அளந்து, கம்பி விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். நாலரைக்குப் பக்கத்தில் வந்தால் அந்த ஆலையில் என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

14. "காயில் கட்டி முடிச்சு வார்னிஷ்ல முக்கறோமே, அதுவும் இதே விதிதானா?"

இல்லை. அது பூச்சே அல்ல, நிரப்பு. காயிலில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒட்டிக் கிடக்கின்றன, இடுக்குகள் எல்லாம் குட்டிக் குட்டிக் குழாய்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல வார்னிஷ் அவற்றுக்குள் தானாக ஏறும். இங்கே பரப்பு இழுவிசை எதிரி அல்ல, கூலி வாங்காத வேலையாள்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. முக்கும்போது மெதுவாக இறக்குங்கள், உள்ளே இருக்கும் காற்று மேல் வழியாக வெளியேற வேண்டும். குமிழி நிற்கும்வரை காத்திருங்கள். காயிலை முன்கூட்டியே லேசாகச் சூடாக்கியிருந்தால் ஈரம் போயிருக்கும், வார்னிஷும் இளகி ஆழமாக இறங்கும். தூக்கும்போதும் நிதானம்: வெடுக்கென்று தூக்கினால் கேள்வி 3-இல் சொன்னபடி வெளியே தடியாக அப்பிக்கொண்டு வரும், அப்புறம் ரோட்டர் உரசுகிறது என்று சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.